5,120 பைட்டில் எவ்வளவு தமிழ் எழுதலாம்?

2004-இல் நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு. அப்போதெல்லாம் ஒவ்வொரு துறையும் வருடத்துக்கு ஒரு சிம்போசியம் நடத்தும். பேப்பர் பிரசன்டேஷன், க்விஸ், டீபக்கிங், அப்புறம் வெப் டிசைனிங். பக்கத்து மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த சிம்போசியத்துக்கு நானும் என் அறைத்தோழனும் விடியற்காலை பஸ் பிடித்துப் போனோம். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ், மதியச் சாப்பாட்டுக்கு ஒரு டோக்கன், இரண்டு பேருக்கு ஒரு கணினி, இரண்டு மணி நேரம். தலைப்பை அங்கேயே கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள்: உங்கள் ஊருக்குப் பயன்படும் ஓர் இணையதளம்.

அசையும் படம் செய்ய அப்போது எல்லோரும் பயன்படுத்திய ஃப்ளாஷ் மென்பொருளில் ஒரு முன்னோட்டம் செய்தோம். ஊர்க் கோபுரம் மெல்லப் பெரிதாகும், பின்னால் மேகம் நகரும், கடைசியில் ‘நுழைக’ என்ற பொத்தான் மினுங்கும். உள்ளே போனால் மேலே ஓடும் எழுத்து, பக்கவாட்டில் சுழலும் படங்கள், பின்னணியில் நாதஸ்வரம். ரத்த வங்கி, பஸ் நேரம், மருத்துவர் எண் என்று ஏழு பக்கங்களுக்கு இணைப்பு வைத்தோம். நிஜமாகவே உழைத்தோம். எனக்கு ஃப்ளாஷ் அவ்வளவு பிடிக்கும்.

நேரம் முடிந்ததும் எல்லோரும் ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஃப்ளாப்பியில் 1.44 எம்பி கொள்ளும். எங்கள் தளம் 2.8 எம்பி. ஒரு நண்பர் இரவல் கொடுத்த இரண்டாவது ஃப்ளாப்பியில் பாதியைப் பிரித்துப் போட்டு, நடுவரின் கணினியில் மறுபடி ஒட்டவைப்பதற்குள் கால் மணி நேரம் போனது.

எங்களுக்குப் பக்கத்துக் கணினியில் இரண்டு பெண்கள். இரண்டு மணி நேரமும் நோட்பேடில் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு பக்கம். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. ஊரில் ரத்தம் கொடுக்கக்கூடியவர்கள், ரத்த வகை வாரியாக. பெயர், தொலைபேசி எண், கடைசியாக எப்போது கொடுத்தார் என்ற தேதி. அவ்வளவுதான். 11 கேபி.

நடுவர் வயதான பேராசிரியர். அவர்களுடைய பக்கத்தைத் திறந்து, “ஓ நெகடிவ் வேணும்னா?” என்றார். அந்தப் பெண்கள் மௌஸைத் தொடவில்லை, அவர்தான் உருட்டினார், கண்டுபிடித்தார். எங்களுடையதைத் திறந்தபோது கோபுரம் பெரிதாக ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இதுல நம்பர் எங்க இருக்கு?”

“இன்ட்ரோ முடிஞ்சதும் வரும் சார்.”

தலையை ஆட்டிக்கொண்டு எதையோ குறித்துக்கொண்டார். பரிசு அந்தப் பெண்களுக்கு. திரும்பி வரும் பஸ்ஸில் என் நண்பன், “அவங்க ஒண்ணுமே பண்ணலடா” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாங்கள் ஃப்ளாப்பியோடு மல்லுக்கட்டியதற்கு நான்கு வருடம் முன்பே, 2000-இல், கனடாக்காரரான ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் ‘தி 5கே’ என்ற பெயரில் ஒரு போட்டியை அறிவித்திருந்தார். பிற்பாடு ஃப்ளிக்கரையும் ஸ்லாக்கையும் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியவர் அவர்தான். போட்டியின் விதி ஒரு வரி: பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல், படம், ஸ்கிரிப்ட் எல்லாம் சேர்ந்து பக்கத்தின் எடை 5 கேபியைத் தாண்டக் கூடாது. அதாவது 5,120 பைட். சர்வரின் உதவியும் கிடையாது. இருப்பதை வைத்து எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

அந்த வருடத்தை நம்ம ஊரில் ப்ரௌசிங் சென்டருக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும். மணிக் கணக்கில் காசு. மோடம் கீச்சிட்டு இணைப்பு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். 56கே மோடம் என்று எழுதியிருந்தாலும், அது முழு வேகத்தில் ஓடினால்கூட வினாடிக்கு 7 கேபிதான். 5 கேபி பக்கம் ஒரு வினாடிக்குள் வந்துவிடும். 300 கேபி முகப்புப் பக்கத்துக்கு முக்கால் நிமிடம் பிடிக்கும், அதுவும் வழியில் இணைப்பு அறுந்துபோகாமல் இருந்தால். உலகம் முழுக்க வெப் டிசைனர்கள் முன்னோட்டப் படமும் மினுங்கும் பொத்தானும் செய்துகொண்டிருந்த நேரம் அது.

எளிமையாக இருங்கள் என்று அந்தப் போட்டி யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. அதனால்தான் அது எனக்குப் பிடித்திருக்கிறது. எளிமை என்று சொன்னால் எனக்கு ஒன்று எளிமை, உங்களுக்கு வேறொன்று. வாதாடிக்கொண்டே இருக்கலாம். பைட்டை எடை போட்டுப் பார்த்துவிடலாம். 5,121 என்றால் வெளியே. அந்தத் தராசு முன்னால் நின்றதும், ஒவ்வொரு வரியையும் பார்த்து ‘நீ எதற்கு இங்கே?’ என்று செய்பவரே கேட்க வேண்டியதாகிவிடுகிறது.

மூன்று வருடம் நடந்தது. 2002-இல் லீ செமல் என்பவர் அனுப்பிய ‘உல்ஃபன்ஸ்டைன் 5கே’ இன்றும் பேசப்படுகிறது. நடைக்கூடங்களில் நடந்து சுட்டுக்கொண்டே போகும் முப்பரிமாண விளையாட்டு, 5 கேபிக்குள். அப்போது ப்ரௌசரில் நிரலே படம் வரைந்துகொள்ளும் கேன்வஸ் வசதி கிடையாது. எக்ஸ்பிஎம் என்ற பழைய கறுப்பு வெள்ளைப் பட வடிவம் ஒன்று இருந்தது. அதில் படம் என்பது வெறும் எழுத்தும் எண்ணும்தான். எழுத்து என்றால் ப்ரௌசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலே எழுதிக் கொடுத்துவிடுமே! ஒவ்வொரு காட்சியையும் நொடிக்குள் எழுதி, படமாகக் காட்டச் சொன்னார். முதல்முறை இதைப் படித்தபோது அலுவலகத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

இந்தப் போட்டிகளுக்கு ஒரு பரம்பரையே உண்டு. 2010-இல் பீட்டர் வான் டெர் ஸீ தொடங்கிய ஜேஎஸ்1கே, வெறும் 1,024 பைட் ஜாவாஸ்கிரிப்ட். அது 2019 வரை நடந்தது. முதல் வருடம் வென்றவர் மரைன் ஹாவர்பெக். ஒற்றைக் கண் உருண்டை ஒன்று தாவித் தாவிக் காசு பொறுக்கும் விளையாட்டு, மரமும் மேடும் வானமும் எல்லாம் சேர்த்து 1 கேபிக்குள். 2012 முதல் ஆன்ட்ரே மசூர் நடத்தும் ஜேஎஸ்13கே, வருடா வருடம் ஆகஸ்ட் 13-இல் தொடங்கி செப்டம்பர் 13-இல் முடியும். ஜிப் செய்த அளவு 13 கேபி, அதாவது 13,312 பைட்.

இவ்வளவு சின்ன இடத்தில் படமெல்லாம் எப்படி அடங்கும்? கோலப் புத்தகம் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ‘ஊடுபுள்ளி, 13-லிருந்து 7 வரை’ என்று ஒரு வரி போட்டிருக்கும். அம்மா அந்த வரியைப் பார்த்துவிட்டு வாசலில் புள்ளி வைக்க ஆரம்பித்துவிடுவார். முழு வாசலையும் போட்டோ எடுத்து அனுப்பத் தேவையில்லை, வரையும் முறையை அனுப்பினால் போதும். ஜெர்மானியக் குழு ஒன்று 2004-இல் வெளியிட்ட ‘கேக்ரீகர்’ என்ற விளையாட்டின் அளவு 96 கேபி. சுவர், உலோகம், வெளிச்சம், பூதம் எல்லாம் அதில் உண்டு. எந்தப் படமும் உள்ளே இல்லை. விளையாட்டு தொடங்கும்போது கணினி உட்கார்ந்து எல்லாவற்றையும் வரைந்துகொள்கிறது.

ஆனால் இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஜேஎஸ்1கேயில் வென்ற நிரலைத் திறந்து பார்த்தால் ஒரு மூட்டை அரிசியைக் கொட்டியதுபோல இருக்கும். ஒற்றை எழுத்துப் பெயர்கள், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய கணக்குகள். எழுதியவர் விளக்கினாலொழிய புரியாது. ஹாவர்பெக் பெருந்தன்மையோடு விளக்கி எழுதினார். அது மிகச் சிறியது, ஆனால் எளிமையானது அல்ல. சிறிய அளவும் எளிமையும் ஒன்று என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

அப்படியானால் எளிமை எங்கே இருக்கிறது? எனக்குப் பதில் கிடைத்தது கோடிங் போட்டிகள் பக்கத்திலிருந்து.

கல்லூரி அணிகள் மோதும் ஐசிபிசி போன்ற நிரல் போட்டிகளில் மூன்று பேருக்கு ஒரே கணினி, ஐந்து மணி நேரம். தவறான விடை அனுப்பினால், பிறகு அதே கணக்கைச் சரியாக முடிக்கும்போது ஒவ்வொரு தவறுக்கும் 20 நிமிடம் அபராதம் ஏறும். ஒருவர் தட்டிக்கொண்டிருக்கும்போது மற்ற இருவரும் காகிதத்தில்தான் யோசிக்க வேண்டும். இங்கே 200 வரி எழுதுகிறவர் தன் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, மற்ற இருவரின் கணினியையும் பிடித்துக்கொள்கிறார். அந்த 200 வரியில் எங்கோ ஒரு பிழை இருந்தால் அதைத் தேடும் வேலை மூன்று பேர் தலையிலும் விழுகிறது. நல்ல அணிகள் காகிதத்தில் நிறைய நேரம் எடுத்துக்கொண்டு, கணினியில் உட்காரும்போது சட்டென்று முடித்துவிடுவார்கள். கேள்வியில் கொடுத்த எண்ணிக்கை 20 மட்டுமே என்றால், எல்லாச் சேர்க்கைகளையும் வரிசையாகப் பார்த்துவிட்டால் போதும், பத்து லட்சத்துச் சொச்சம்தான் வரும். அங்கே கெட்டிக்காரத்தனம் காட்டுவது வீண் என்று கேள்வியே சொல்லிவிடுகிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை 1977-இல் நடந்தது. பிரௌன் பல்கலைக்கழகத்தின் உல்ஃப் கிரெனாண்டருக்குப் படங்களில் வடிவங்களைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியில் ஒரு சிக்கல். அதைச் சுருக்கி எழுதினால் இப்படி வரும்: கூட்டல் எண்களும் கழித்தல் எண்களும் கலந்து ஒரு வரிசையில் இருக்கின்றன. தொடர்ச்சியான ஒரு துண்டை எடுத்துக் கூட்டினால் எது அதிகபட்சம்? 10,000 எண்கள் இருந்தால் சுமார் 5 கோடித் துண்டுகள் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பது அன்றைய கணினிக்குப் பெரிய பாரம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷாமோஸ் ஓர் இரவு யோசித்து, வரிசையைப் பாதி பாதியாகப் பிரிக்கும் வேகமான வழி ஒன்றைக் கொண்டுவந்தார். இதைவிட வேகமாகச் செய்ய முடியாது என்றே தோன்றியது. சில நாட்கள் கழித்து ஒரு கருத்தரங்கில் அதை விளக்கியபோது, கேட்டுக்கொண்டிருந்த புள்ளியியல்காரர் ஜே கடானே ஒரு நிமிடத்துக்குள் வேறொரு வழி சொன்னார். முதலிலிருந்து ஒருமுறை நடந்துகொண்டே போ. கூட்டிக்கொண்டே வா. கூட்டுத்தொகை பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால் அதுவரை சேர்த்ததைக் கீழே போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கு. வழியில் பார்த்த மிகப்பெரிய தொகையை மட்டும் நினைவில் வைத்துக்கொள். 10,000 எண்களுக்கு 10,000 அடி. நிரலாக எழுதினால் நாலைந்து வரி.

இது சிறியது, வேகமானது, ஒருமுறை கேட்டால் மறக்காது. இதைப் படிக்கிறவருக்கு எந்தப் பாரமும் இல்லை. யோசிக்கும் பாரம் எல்லாம் அந்த அறையில் ஒரு நிமிடம் யோசித்தவரோடு முடிந்துவிட்டது. சுமையை யார் தூக்குகிறார் என்று பார்க்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். செய்கிறவர் தூக்கிவிட்டால் பயன்படுத்துகிறவருக்கு எளிமை. செய்கிறவர் இறக்கி வைத்தால் அது காணாமல் போவதில்லை, இன்னொருவர் தலைக்குப் போகிறது.

நான் இறக்கி வைத்த சுமை ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். 2015 வாக்கில் ஒரு சின்ன கிளினிக்குக்கு டோக்கன் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். இப்போது எந்த எண் உள்ளே இருக்கிறது என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். மேலே மருத்துவர்களின் படங்கள் நகரும் ஸ்லைடர், கீழே வரைபடம், அழகான எழுத்துரு. மொத்தம் 3 எம்பி. அலுவலக வைஃபையில் பார்த்தால் கண் சிமிட்டுவதற்குள் வந்துவிடும். ஒரு நாள் மாலை என் மகளுக்குக் காய்ச்சல் என்று அங்கேயே போய் உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஓர் ஐயா, மடியில் பேரன். பழைய போனில் அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டு வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி தட்டினார். மறுபடி வெள்ளை. பிறகு தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, கவுன்டருக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

அன்று இரவே பிரித்தேன். ‘இப்போது உள்ளே: 27’ என்பது பெரிய எழுத்தில், அதற்குக் கீழே மருத்துவர் பெயரும் நேரமும், கிளினிக் தொலைபேசி எண்ணும். 6 கேபி. டாக்டர் மறுநாள் போன் செய்து, “ஸ்லைடர் எங்கப்பா?” என்றார். முதல் நாள் மாலை பார்த்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, இப்படியே இருக்கட்டும்” என்றார்.

6 கேபி என்பதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சர்வர் ஒரு புது ஆளிடம் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் அனுப்பிவிடாது. மளிகைக் கடைக்காரர் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு முதலில் கொஞ்சமாகத்தான் கடன் கொடுப்பார். அது ஒழுங்காகத் திரும்பி வந்தால் அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். சர்வரும் அப்படித்தான். முதல் தவணையில் பத்துப் பொட்டலம், ஒன்று சுமார் 1,460 பைட். வந்து சேர்ந்தது என்ற பதில் கிடைத்த பிறகுதான் அடுத்த தவணையைப் பெரிதாக்கும். 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6928 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இந்தப் பத்து என்ற கணக்கைப் பரிந்துரைத்தது. பத்தைப் பெருக்கினால் 14,600 பைட். அதற்குள் பக்கம் அடங்கிவிட்டால் ஒரே தவணையில் வேலை முடியும். சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும் இடத்தில், ஒவ்வொரு தவணைக்கும் காத்திருப்பது திரையில் நன்றாகவே தெரியும். இன்றைக்கு ஒரு சராசரி இணையப் பக்கம் 2 எம்பியைத் தாண்டிவிட்டது.

போன வருடம், தெரிந்த கல்லூரி ஒன்றில் மாணவர்கள் நடத்திய வெப் டிசைன் போட்டிக்கு நடுவராக வரச் சொன்னார்கள். விதியை நான் வைக்கலாமா என்று கேட்டேன், சரி என்றார்கள். மூன்று விதி வைத்தேன். பக்கம் மொத்தம் 14 கேபிக்குள். ஜாவாஸ்கிரிப்டை அணைத்தாலும் முக்கியமான வேலை நடக்க வேண்டும். உள்ளடக்கம் தமிழில். இரண்டாவது என் சொந்தச் சரக்கு அல்ல. மைக்ரோசாஃப்ட்டின் மிக்ஸ் ஆன்லைன் குழுவும் ஆன் ஈவன்ட் அபார்ட் மாநாட்டினரும் 2010-இல் 10கே அபார்ட் என்று ஒரு போட்டி நடத்தினார்கள். அது 2016-இல் மறுபடி வந்தபோது ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் இயங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது.

தொடங்கி அரை மணி நேரத்தில் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுந்தார்.

“சார், இங்கிலீஷ்ல எழுதினா இதே இடத்துல மூணு மடங்கு எழுதலாம். தமிழ்ல எழுதச் சொல்லிட்டு அதே அளவு வெச்சா எப்படி சார்?”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் நான் அதை யோசிக்கவில்லை. யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். அதுவும் எழுத்துக்கு அல்ல, குறிக்கு. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, ஆக 15 பைட். இதையே ஆங்கிலத்தில் எழுதினால் 5 பைட். பட்டர்ஃபீல்டின் 5,120 பைட்டில் ஒரு எச்டிஎம்எல் குறிச்சொல்கூடப் போடாமல் தமிழை மட்டும் நிரப்பினால் 1,706 குறிதான் கொள்ளும்.

அந்த அறையில் வெண்பலகைக்கு முன்னால் நின்று மாணவர்களோடு சேர்ந்து இதைக் கணக்குப் போட்டது, அந்த நாளின் மிக நல்ல அரை மணி நேரம். ஒரு மாணவி, “பழைய காலத்துல ஒரு பைட்டுலதானே சார் தமிழ் இருந்துச்சு?” என்றார். இருந்தது. டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் எழுத்து வடிவம் ஒன்றுக்கு ஒரு பைட். டாம், டாப், இன்னும் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு என்று ஏகப்பட்டது இருந்தது. பக்கங்கள் சின்னதாகத்தான் இருந்தன. ஆனால் படிக்க வருபவர் முதலில் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும். ப்ரௌசிங் சென்டர் கணினியில் நிறுவ விடமாட்டார்கள். விட்டாலும் அடுத்த தளத்துக்கு வேறு எழுத்துரு. நிறுவாவிட்டால் திரை முழுக்க ஐரோப்பிய எழுத்துகள் சிதறிக் கிடக்கும். பைட் மிச்சம்பிடித்த கணக்கு, வாசகர் தலையில் ஏறியிருந்தது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு வந்து பக்கத்தைக் கனமாக்கிவிட்டு, வாசகரின் கையை விடுவித்தது. எழுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் என்ற டேஸ்16 முறையையும் தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. ஆனால் போனிலும் ப்ரௌசரிலும் எங்கும் தானாகத் தெரிவது யூனிகோடுதான், ஆகவே அந்த மூன்று பைட்டோடு குடும்பம் நடத்தித்தான் ஆக வேண்டும்.

அதற்கு ஒரு வழியும் இருக்கிறது. தமிழ்க் குறி ஒன்றின் மூன்று பைட்டில் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான். இரண்டாவது, இரண்டே இரண்டில் ஒன்று. மூன்றாவதுதான் எந்த எழுத்து என்று சொல்கிறது. திரும்பத் திரும்ப வருவதைக் கண்டால், பக்கத்தைச் சுருக்கி அனுப்பும் ஜிசிப் முறைக்குக் கொண்டாட்டம். அதனால் சர்வரிலிருந்து கிளம்பும்போது தமிழ் நன்றாகச் சுருங்கும். விதியை அங்கேயே மாற்றினேன்: 14 கேபி என்பது ஜிசிப் செய்த பிறகான அளவு. கேள்வி கேட்ட மாணவரின் அணியில் 19 கேபியாக இருந்த பக்கம் சுருங்கி 5 கேபிக்குள் வந்து நின்றது.

வந்த பக்கங்களைப் பற்றி எல்லாம் சொல்லப்போவதில்லை. ஒரு அணி இடம் மிச்சப்படுத்துகிறோம் என்று சாம்பல் நிறத்தில் எறும்பெழுத்தில் எழுதி, எல்லாவற்றையும் தட்டினால் திறக்கும் பெட்டிகளுக்குள் ஒளித்திருந்தார்கள். 4 கேபி. அன்றைக்கு வந்ததிலேயே சிறியது அதுதான். படிக்கத்தான் முடியவில்லை. பார்வை மங்கியவர் யாராவது வந்தால் என்ன செய்வார் என்று கேட்டேன். அந்தப் பிள்ளைகள் முகம் சுண்டவில்லை, உடனே உட்கார்ந்து எழுத்தைப் பெரிதாக்கினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

வென்றது டவுன் பஸ் பக்கம். திறந்தவுடன் ‘அடுத்த பஸ் 4.35, தடம் 12’ என்று மட்டும் பெரிதாக. அதற்குக் கீழே அன்றைக்கு மிச்சமிருக்கும் பஸ்கள். ஜாவாஸ்கிரிப்டை அணைத்தால் முழு அட்டவணையும் வரிசையாக நிற்கும், பார்ப்பவரே நேரம் பார்த்துக்கொள்ளலாம். வரைபடம் எதுவும் இல்லை. இடம் இருந்ததே, ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன்.

“வெச்சிருந்தோம் சார், எடுத்துட்டோம். இதப் பாக்குறவரு ஸ்டாப்புலதான் நிக்கிறாரு. அவருக்கு எதுக்கு ஸ்டாப் எங்க இருக்குன்னு காட்டணும்?”

வரைபடத்தை வைத்துப் பார்த்து, யாருக்கு என்று கேட்டு, எடுத்திருக்கிறார்கள். 2004-இல் அந்த இரண்டு பெண்களும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்று அப்போது தோன்றியது. ஒன்றும் செய்யாமல் அவர்கள் 11 கேபியில் நிற்கவில்லை. ரத்தம் தேடி ஓடிவரும் ஒருவர் பதற்றத்தில் என்ன கேட்பார் என்று யோசித்து, மற்றதையெல்லாம் தாங்களே விலக்கி வைத்திருக்கிறார்கள். கடைசியாகக் கொடுத்த தேதியைப் போட்டது எவ்வளவு யோசனை! ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கலாம். தேதி பக்கத்திலேயே இருந்தால், கொடுக்க முடியாதவருக்குப் போன் செய்து ஒரு நிமிடம் வீணாக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர்கள் நினைவாக ஒன்று செய்து பார்க்க ஆசை வந்தது. எந்த ரத்த வகைக்காரருக்கு யாரிடமிருந்து ரத்தம் வாங்கலாம் என்று தமிழில் ஒரு பக்கம். பட்டர்ஃபீல்டின் பழைய விதிப்படியே, சுருக்காமல், 5,120 பைட்டுக்குள். மூன்று இரவுகள் ஆனது.

முதலில் எட்டுக்கு எட்டு என்று 64 கட்டம் போட்ட அட்டவணை செய்தேன். அதில் பொருந்துவது 27 கட்டம்தான், மிச்சம் 37-ம் வெற்றிடம். தேடுபவர் கேட்பது ஒரே கேள்வி: என் ஆளுக்கு இந்த வகை, நான் யாரைக் கேட்பது? அட்டவணையை எடுத்துவிட்டு எட்டு வரி ஆக்கினேன். ஏபி பாசிட்டிவ் என்றால் யாரிடமும் கேட்கலாம், ஓ நெகடிவ் என்றால் ஓ நெகடிவ்காரரிடம் மட்டும்தான். அந்தக் கடைசி வரிக்கு மட்டும் சிவப்பு நிறம் கொடுத்தேன், அவர்கள்தான் அதிகம் அலைய வேண்டியிருக்கும். வகைகளின் பெயரை ஆங்கில எழுத்திலேயே விட்டேன். மருத்துவமனைச் சீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க வசதி, பைட்டும் மிச்சம். கொடுப்பதற்கான வயது, இடைவெளி, கொடுத்த அன்று என்ன சாப்பிடலாம் என்று எழுதிக்கொண்டே போனதில் சாப்பாட்டைப் பற்றியது மட்டும் நாலு பத்தி. தேடி வருபவருக்கு அது வேண்டாம். எடுத்தேன்.

மூன்றாம் இரவு எண்ணிப் பார்த்தால் 5,190. எழுபது பைட் அதிகம். எட்டு வரியில் கை வைக்க மனமில்லை. இடைவெளிகளையெல்லாம் ஏற்கெனவே சுரண்டியாயிற்று. பக்கத்தின் உச்சியில், பழக்கதோஷத்தில் முதல் நாளே எழுதிவைத்த ஒரு வரி இருந்தது: ‘அனைவரையும் அன்புடன் வரவேற்கிறோம்’. கணக்குப் போட்டேன், 92 பைட். அழித்ததும் 5,098 ஆனது.

22 பைட் கையில் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு யாராவது இதைத் திறக்கலாம். ‘வணக்கம்’ என்ற சொல்லுக்கு ஏழு குறி, 21 பைட். அதை அந்த இடத்தில் வைத்தேன். 5,119.